இட்லிக்கு ஆவி வராத தேர்

எங்கள் ஊரை ஒரு கிராபிக்ஸ் கார்டுதான் வரைகிறது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள அறையில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அது வரைந்தால் தெரு தெரியும், வரையாவிட்டால் தெரியாது. பக்கத்து ஊரில் பெரிய கார்டு. அங்கே குளத்துத் தண்ணீரில் மேகம்கூடத் தெரியும். எங்கள் பேரூராட்சி நடுத்தரமாகப் பார்த்து வாங்கியது. எட்டு ஜிபி, இரண்டு விசிறி. பெட்டி வந்த அன்று மைக்கில் வாசித்தார்கள், காதில் ஒட்டிக்கொண்டது.

மற்ற நாளில் எட்டு ஜிபி தாராளம். தேரன்றுதான் வம்பு. தேரில் அத்தனை பொம்மை, வடத்தில் அத்தனை கை. அதனால் தேரன்று ஓரத்தில் இருப்பதையெல்லாம் கொஞ்சம் குறைத்து வரைவது வழக்கம். மரத்துக்கு இலை குறையும், நாய்க்கு வால் குறையும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வருஷம் என் இட்லியின் ஆவியை எடுத்துவிட்டார்கள்.

தேரடி முக்கில் என் கடை. இட்லிக் கொப்பரையைத் திறக்கிறேன், கை சுடுகிறது, ஆவி மட்டும் காணோம். இட்லி சுண்ணாம்புக் கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வந்தவர்கள், "நேத்து அவிச்சதா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைப் பூரிக்குப் போனார்கள். தேரன்று கடை ஓடினால்தான் எனக்கு மழைக்காலம் ஓடும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். தேருக்கு முன்னால் கவுன்சிலர் ஆவுடையப்பன் நின்றார். அவர் மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகக் காற்றில் ஆடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரண்டியோடு கார்டு அறைக்குப் போனேன். கார்டைப் பார்த்துக்கொள்கிற பால்வண்ணன், அதன் விசிறி போதாமல் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தான்.

"எங்கல என் ஆவி?"

"எக்கா, மெதுவா. எட்டுதானே இருக்கு? தேருக்கு ஆறு போச்சு, கூட்டத்துக்கு ஒண்ணரை..."

"மிச்சம் அரை மீசைக்கா?"

அவன் விசிறியைக் கை மாற்றினான். "அவரு விடியவே வந்து நின்னுட்டாருக்கா."

"வயித்துக்குப் போறதைப் புடுங்கி மூக்குக்குக் கீழே ஒட்டுவியோ? ஒரு பக்கத்து மீசையை எடு."

"எடுத்தா தேரையே நிறுத்திருவாரு. நீ ஏதாவது குடு, அந்த இடத்துல ஆவியை வரையச் சொல்லுதேன்."

"எங்கிட்ட என்னல இருக்கு?"

அவன் என்னைச் சுற்றிவந்து பார்த்தான். "முதுகு இருக்கே. கடையில முன்னால பாத்துதானே நிக்கே?"

என்ன அநியாயம். பிறந்தது முதல் என் பின்னாலேயே வந்த முதுகு. ஆனால் அங்கே கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. கொடுத்தேன்.

திரும்பி வந்தால் முக்கு முழுக்க ஆவி, சுருள் சுருளாக. கூட்டம் மொய்த்தது. தேர் நிலைக்கு வருமுன் மாவு தீர்ந்தது. மீசை அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். என் வீட்டுக்காரருக்குப் பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. கதவைத் திறந்தார். கழுத்துக்கு மேலே முகம் இல்லை. குனிந்துதானே வேலை பார்க்கிறோம் என்று கொடுத்துவிட்டாராம்.

"குமிழி வந்துதா?" என்று கேட்டேன்.

"நல்லா வந்துது."

நாலு இட்லி எடுத்து வைத்திருந்தேன். வாய் எந்த இடம் என்று விரலால் காட்டினார். பிட்டு வைத்தேன்.