படத்தை மூடி, குரலை விட்டு

"அவ முகம் வரக்கூடாது. அவ்வளவுதான்," என்றார் அண்ணன், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல்.

"எப்படிண்ணே வராம இருக்கும்? அம்மாவுக்குத் தலை வாரிவிடுறதே அக்காதானே. படத்துல அம்மா பாதி, அக்கா பாதி."

"அம்மா பாதியை மட்டும் எடு."

"இது என்ன ரொட்டியா, பிச்சு எடுக்க?"

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கடைசித் தங்கைக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். ஊரார் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பதால் அவளுக்கு வீட்டில் 'கத்திரி' என்றே பேர் விழுந்துவிட்டது. பின்னறைதான் வேலை செய்யும் இடம். ஜன்னலுக்குக் கனத்த திரை, மேசையில் இரண்டு கணினித் திரை. சத்தம் சரியாகக் கேட்க வேண்டும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்திருப்பாள். அந்தப் புழுக்கத்தில்தான் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஹால் பிடித்து, சொந்தபந்தத்தை எல்லாம் அழைத்து, அம்மாவைப் பற்றி ஒரு சின்னப் படம் போட வேண்டும் என்பது அண்ணன் ஆசை. அவர் மகளைப் பேசி முடித்திருக்கிற சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். முடிச்சு விழுந்தது அங்கேதான்.

"எனக்கு ஒரே தங்கச்சின்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"ஒரே தங்கச்சியா? அப்ப அக்கா?"

"புருஷனை விட்டுட்டு வந்து தனியா உக்காந்திருக்கிறவளை என்னன்னு சொல்றது? ஏன் விட்டா, எதுக்கு விட்டான்னு நோண்டுவாங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே ஆற அமர எடுத்துச் சொல்லிக்கிறேன்."

"அப்ப அந்த வீடியோவே வேணாம்ணே. போட்டோ மட்டும் ஓடட்டும்."

"அம்மா வாயைத் திறக்காம ஒரு படமா? படத்தை மறைச்சிடு, சத்தத்தை வச்சுக்க. அதெல்லாம் சுண்டைக்காய் வேலைன்னு நீயேதானே சொன்னே?"

சொல்லியிருந்தாள்தான். வாய் சும்மா இருந்தால்தானே.

அம்மா ஆயுசு முழுக்கக் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். குரல் என்று மிஞ்சியது அந்த ஒன்றுதான். அம்மாவின் கடைசிக் காலமெல்லாம் அக்காவின் சின்ன வீட்டில்தான் கழிந்தது. ஒருநாள் அக்கா போனை அலமாரியில் சாய்த்து வைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது. சிக்கெடுக்கிறாள் அக்கா. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள்: "நீ இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன் கண்ணு. என்னைக் கைவிடாம வச்சிருக்கிறது நீ மட்டும்தான்." அம்மாவுக்கு மூன்று பேருமே கண்ணுதான். அந்த வார்த்தையின் மேலேயே அக்காவின் குரல் ஏறி விழுகிறது: "தலையை ஆட்டாதேம்மா, வலிக்கப்போகுது." அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அம்மா குரல் எது, அக்கா குரல் எது என்று பிரிக்க முடியாத சிரிப்பு.

அதைத் தங்கைக்கு அனுப்பிவிட்டு அக்கா போனில் பேசியிருந்தாள்.

"என் போன்ல இடமில்லைன்னு அழிச்சிட்டேன். நீ பத்திரமா வச்சுக்க. அம்மா பக்கத்துல நான் இருக்கிறது அது ஒண்ணுதான். ஹால்ல அதைப் போடுவியா?"

"போடாம? அது இல்லாம அம்மா ஏது?"

"சத்தியமா?"

"என்னக்கா சின்னப் புள்ளை மாதிரி? சத்தியமா."

"இல்லடி... நான் என்ன பண்ணேன்னு யாரும் கண்ணால பாத்ததில்லையே. ஒரு தடவை பாக்கட்டுமேன்னுதான்."

அண்ணன் போனதும் கத்திரி வேலையை ஆரம்பித்தாள். அந்த வீடியோத் துண்டைத் தேர்ந்தெடுத்து மறைக்கும் கட்டளையை அழுத்தினாள். அக்கா மறைந்தாள். கூடவே அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள். படமும் ஒலியும் கோத்தே இருக்கும். முதலில் பிரித்துவிட்டுத்தான் படத்தை மறைக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தப்பு. இத்தனை வருஷத் தொழிலில் அன்றைக்கு அவள் கை அதைச் செய்தது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். பிரித்தாள். மறுபடி மறைத்தாள். இப்போது திரை கறுப்பாக இருக்க, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து அம்மா பேசினாள்.

கறுப்பை அப்படியே விட முடியுமா? மேலே எதையாவது வைத்து மூட வேண்டும். பூ ஒன்றை வைத்தாள். கடையில் வாங்கிய வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. அம்மாவின் காலி நாற்காலியை வைத்தாள். பேய் பேசுகிற மாதிரி இருந்தது. போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே போனபோது, அவளும் அம்மாவும் தோளோடு தோள் நிற்கிற ஒன்று அகப்பட்டது. சரி, பார்ப்போமே என்று அதை வைத்தாள்.

'நீ இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன் கண்ணு.'

அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பழம் வாங்கிப் போவாள், கட்டிலின் ஓரத்தில் உட்காருவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள். 'வேலை கிடக்கும், நீ கிளம்பு' என்பதைத் தவிர அம்மா அவளிடம் எதுவும் சொன்னதில்லை. மறுபடி ஓடவிட்டாள். இன்னொரு தடவையும் ஓடவிட்டாள். அப்புறம் திருடிய பொருள் கையைச் சுட்டது போல அந்தப் போட்டோவைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

மறுநாள் அண்ணன் வந்து பார்த்தார். "எதுக்கு இருட்டா விட்டிருக்கே? நான் அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது ஒண்ணு இருக்குமே, அதைப் போடேன்."

அநியாயம்ணே என்று சொல்ல வாயெடுத்தாள். தானும் தன் போட்டோவை ஒட்டிப் பார்த்தவள்தானே. போட்டாள்.

அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்து எடுத்து வைத்தாள். சொல்லவில்லை.

ஹாலில் விளக்கை அணைத்த பிறகுதான் அக்கா உள்ளே வந்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கொஞ்சம் தள்ளி மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த தங்கையின் தோளைத் தொட்டு, "வந்துடுச்சா?" என்றாள்.

"இப்ப வரும்க்கா."

வந்தது. அம்மா குரல் ஹாலை நிறைத்தது. திரையில் அண்ணன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. கத்திரி திரும்பிப் பார்க்கவில்லை. தோளிலிருந்த கை எப்போது எடுபட்டது என்பது மட்டும் தெரிந்தது.

விளக்கைப் போட்டபோது அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை, நிஜ அழுகை. "எப்பப் பாத்தாலும் எங்கிட்ட இதையேதாங்க சொல்லுவாங்க," என்றார் சம்பந்தியம்மாவிடம்.

சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்பக்கம் திரும்பினாள். "நடுவுல 'தலையை ஆட்டாதேம்மா'ன்னு ஒரு குரல் வந்துச்சே. தங்கச்சியா?"

"அது... அம்மாவைப் பாத்துக்கிட்ட நர்ஸுங்க," என்றார் அண்ணன்.

"அப்படியாம்மா?"

கேள்வி கத்திரியிடம் வந்து நின்றது. இல்லை என்று ஒரு சொல் போதும்.

"ஆமாங்க," என்றாள்.

"என்ன வாஞ்சை அந்தக் குரல்ல! எங்க மாமியாருக்கு அப்படி ஒரு ஆளைத்தான் தேடி அலையறோம். இப்ப எங்க வேலை பாக்குது?"

"இப்ப எங்கேயும் இல்லீங்க," என்றாள் அக்கா, சுவரோரத்திலிருந்து.

"அட, அதே குரல்! நீங்கதானா? எங்க வீட்டுக்கு வர்றீங்களா?"

"இல்லீங்க. நான் பாத்துக்கிட்டது ஒரே ஒருத்தங்களைத்தான். அவங்களும் வேற யாரோட அம்மாவோ போலிருக்கு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

சம்பந்தியம்மாவுக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். அண்ணன் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

படிக்கட்டில் போய்த்தான் அக்காவைப் பிடிக்க முடிந்தது.

"அக்கா, நான் வெட்டலைக்கா. மறைச்சுதான் வச்சிருக்கேன். அடியில நீ அப்படியே இருக்கே. கல்யாணம் முடிஞ்சதும்..."

"வெட்டித் தூக்கியிருந்தா உங்கூடச் சண்டை போட்டிருப்பேன்டி. இதுக்கு என்னன்னு சண்டை போடுறது? எல்லாம் இருக்கு. நான் மட்டும் இல்லை."

"முழு வீடியோவை உனக்கு அனுப்பிடட்டுமா?"

"அனுப்பு. அனுப்பிட்டு உன்கிட்ட இருக்கிறதை அழிச்சிடு. வச்சிருந்தா இன்னொரு தடவை உனக்குத் தேவைப்படும்."

அக்கா புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகப் படியிறங்கிப் போனாள்.

"கத்திரி!" என்று உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். "எங்க போயிட்டே? அம்மா பேசுறதைச் சம்பந்தியம்மா இன்னொரு தடவை கேக்கணுமாம்."

அவள் உள்ளே போய் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். யாரோ விளக்கை அணைத்தார்கள்.