தோமாவின் அப்பா பெயர்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்தது. இந்த மலைக்கு நான் குடிவந்த புதிதில், அப்பன் பெயர் எந்த அசையில் முடிகிறதோ அதே அசையில் மகன் பெயர் தொடங்கும் என்று சொன்னார்கள். பீஜாவின் மகன் ஜாகோ. “அட, அந்தாதி” என்றேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு: இந்த அந்தாதியின் நடுவே ஒருவன் பொய்யை நுழைத்தால் யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

(இந்த மலைக்குடிகளின் இனப் பெயரை ‘அக்கா மக்கள்’ என்று எழுதினால் தமிழில் தமக்கை வந்து நிற்கிறாள். ஆக்கா என்றே எழுதிக்கொள்கிறேன். பெயர்களெல்லாம் நான் புனைந்தவை.)

2

மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் மீஷூ—

வேண்டாம். இங்கே மேகம் தினமும்தான் இறங்குகிறது.

மீஷூவுக்கு யாரையும் பிடிக்காது. ஆனால்—

பொய். கெஷாவைப் பிடித்திருந்தது.

கெஷா எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வந்தவன். அவனும் ஆக்காதான். ஆனாலும் ஊரே அவனை வேடிக்கை பார்த்தது. கூடையின் வாரை நெற்றியில் மாட்டாமல் தோளில் மாட்டுகிறான், பன்றிக்குத் தவிடு வைக்கும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று பெண்கள் சிரித்தார்கள். ஜாகோவின் மகள் மீஷூவும் சிரித்தாள், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும்.

பறிக்கும்போது அவன் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

“என்னத்த ஓயாம முணுமுணுக்கிற?”

“எங்க வம்சம். மறந்துறக் கூடாதுல்ல. நான் செத்தா இதச் சொல்லித்தான முன்னோருகிட்ட அனுப்பி வைப்பாங்க.”

“சாகுறதுன்னா கூடைய ரொப்பிட்டுச் சாவு.”

அவன் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தான். அவளும் பாட்டுப்போலக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். அவள் வீட்டு வரிசையே அவளுக்குப் பாதிதான் தெரியும். அதை ஆண்கள் சொல்வதுதான் வழக்கம்.

3

அறுவடை முடிகிற சமயம் கெஷா பெண் கேட்டு வந்தான். ஜாகோ அவனை வீட்டில் ஆண்கள் பக்கம் உட்காரவைத்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம், அடுப்படியில், மீஷூ தேநீர் கொதிக்கவிட்டாள்.

“பொண்ணு கேக்குறது இருக்கட்டும் தம்பி. மொதல்ல ரெண்டு பேரும் வம்சத்தச் சொல்லுவோம். ஏழு தலைமுறைக்குள்ள ரெண்டு வரிசையும் ஒரே ஆள்ல போய் முட்டுச்சுன்னா நீ எனக்குப் பையன் முறை. மாப்பிள்ளை இல்ல.”

“நீங்களே ஆரம்பிங்க.”

“நான் ஜாகோ. அப்பா பீஜா. அவருக்கு லோபீ. அவருக்கு செலோ. அப்புறம் மாசெ, தோமா, ஜூதோ.”

அடுப்படியில் மீஷூவின் கை நின்றது.

“நான் கெஷா. அப்பா யோகெ. அவருக்கு நூயோ. அப்புறம் திநூ, மாதி…” கெஷா தடுப்புப் பக்கம் பார்த்தான். “தோமா.”

“ஒரு பேர்ல ரெண்டு ஆளு இருக்கலாம்” என்றார் ஜாகோ மெதுவாக. “உங்க தோமாவோட அப்பா யாரு?”

“வேதோ.”

ஜாகோ பெருமூச்சு விட்டார். வேதோ, தோமா. அசை பொருந்துகிறது. வேறு ஆள். தோட்டத்தில் அவன் அதே தோமாவின் அப்பாவை ஜூதோ என்று சொல்லிக் கேட்டவள் மீஷூ ஒருத்திதான்.*

* ‘வேதோ’ என்ற பெயரைப் புனைய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவனுக்கும்.

4

கெஷாவைப் பொய்யன் என்று எழுதக் கை வரவில்லை. பதற்றத்தில் நாக்குப் பிசகியிருக்கலாம். தோட்டத்தில் சொன்னதே தவறாக இருக்கலாம். அல்லது அவளை அவ்வளவு—

(இந்த வாக்கியத்தை முடித்தால் அவனுக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும்.)

மீஷூ வாயை மூடிக்கொண்டால் கல்யாணம். ஆனால் என்றோ ஒருநாள் அவன் பிணத்தருகே நின்று ஒருவர் வரிசை சொல்வார். இல்லாத மனிதரிடம் கெஷாவை அனுப்பிவைப்பார். அவன் அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? வாயைத் திறந்தால் நாளைக்கே அவன் மலை தாண்டிப் போய்விடுவான்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மீஷூ என்னைப் பார்த்து முகம் சுளித்தாள்.

5

அவள் செய்தது இதுதான். கோப்பையை எடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றி வந்து கெஷாவின் முன் வைத்தாள்.

“குடி. குடிச்சிட்டு இன்னொரு தடவை சொல்லு. மொத ஆள்லேருந்து கீழ.”

“அதான் சொல்லிட்டாரேம்மா” என்றார் ஜாகோ.

“எனக்குச் சரியாக் கேக்கல. ஒரே புகை.”

“புகை கண்ணுக்குத்தான போவும்? காதுக்குமா போவும்?”

“நாளைக்குப் புள்ள பொறந்தா அதுக்கு நாந்தான சொல்லிக் குடுக்கணும். தப்பாச் சொல்லிக் குடுக்கச் சொல்றீங்களா?”

ஜாகோ கெஷாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

கெஷா மகளையும் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை. ஆதியிலிருந்து தொடங்கினான். பெயர்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு இறங்கின. மேலிருந்து வரும்போது பொய் தனியாக வர முடியாது. ஜூதோவின் அப்பா கோஜூ. வேதோ வேண்டுமென்றால் கோஜூவையும் கோவே ஆக்க வேண்டும். ஒரு பொய்ப் பிள்ளைக்கு ஒரு பொய்த் தகப்பன். அவனுக்கு இது பாதி வழியில்தான் உறைத்திருக்க வேண்டும். குரல் தாழ்ந்தது.

“கோ…” என்றான்.

மீஷூ அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘ஜூ’ என்றால் அது குவிய வேண்டும். ‘வே’ என்றால் கீழுதட்டைப் பல் தொட வேண்டும்.

நான் எத்தனையோ பெயர்களைப் புனைந்தவன். இந்த ஓர் அசைக்கு எனக்குத் துணிவில்லை. இடம் விட்டிருக்கிறேன்:

கோ____

நிரப்புங்கள். எதை எழுதினாலும், அடுத்த பெயர் அதிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.