கழுத்துக் கறுப்பு

…இன்னும் கொஞ்சம் ஏற்றணும் என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரைத் திருப்பினார் என் வீட்டுக்காரர், மகள் இர்ஃபானாவின் சைக்கிள் சீட் மேலே போயிற்று, கால் எட்டுதா என்றார், எட்டுது அத்தா என்றாள், அவ்வளவுதான், கையில் கிரீஸோடு உள்ளே வந்து தண்ணீர் கேட்டார், நான் சொம்பை எடுத்து வருவதற்குள் சாய்ந்துவிட்டார். சர்க்கரை எத்தனை வருஷமாக என்று நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், மாத்திரை என்ன என்று கேட்டார்கள்… துபாயிலிருந்து லீவில் வந்தால் மாத்திரைக்கும் லீவு, அவருக்கு மட்டுமா, எங்கள் தெருவுக்கு வரும் ஆண்கள் எல்லாருக்கும் அப்படித்தான், அங்கே பத்தியம், இங்கே வீட்டுக்கு வீடு விருந்து, ஒரு வீட்டில் தின்றுவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா, சொன்னால் உறவு என்னவாகும், பெட்டிக்குள் பிரிக்காத மாத்திரை அட்டைகள் அப்படியே கிடந்தன.

விடியுமுன் பஜ்ர் தொழுதுவிட்டுத் தெருக்கதவைத் திறக்கிறேன், இர்ஃபானா தூக்கக் கண்ணோடு சைக்கிளை இறக்குகிறாள், இந்தச் சைக்கிள் எத்தனை மாதம் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது, அத்தா இல்லாத வயசுப்பெண் தெருவில் சைக்கிள் விடுவதா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நான் இத்தாவில் இருந்தேன், அவர் போனபின் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டவில்லை… பள்ளிக்கூடம் விட்டால் டி.வி., பிஸ்கட், ஆரஞ்சுப் பொடி கலக்கிய தண்ணீர், பிள்ளை ஊதிப்போனாள், கழுத்துப் பின்புறம் கறுத்தது, என் நாத்தனார் ஜெய்புன் மச்சி வெள்ளிக்கிழமைதோறும் கடலைமாவும் எலுமிச்சம்பழமும் வைத்துத் தேய்த்தாள், சிவந்து எரியும்வரை தேய்த்தாள், பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை அவளுக்கு. பள்ளிக்கூடத்து மருத்துவ முகாமில் டாக்டரம்மாதான் சடையை ஒதுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “தேய்க்காதீங்கம்மா, இது அழுக்கில்ல.” சர்க்கரையைச் சமாளிக்க உடம்பு இப்போதே திணறுகிறது என்பதற்கு அடையாளமாம், பதினைந்து வயதில் பழகுவதுதான் நாற்பதில் காப்பாற்றுமாம், நடக்கட்டும், ஓடட்டும், இனிப்பைக் குறைக்கட்டும், நேரத்தில் தூங்கட்டும்… எனக்கு அவருடைய கழுத்து நினைவுக்கு வந்தது, சட்டைக் காலருக்கு மேலே அதே பட்டை, துபாய் வெயில்டி ஆசியா என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார், நானும் நம்பினேன், ஏ.சி. கடைக்குள் நின்று துணி விற்றவருக்குக் கழுத்தில் மட்டும் ஏது வெயில்?

அவள் மெதுவாக மிதிக்கிறாள், நான் பின்னால் வேகமாக நடக்கிறேன், வாசலில் ஜெய்புன் மச்சி, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள், தினமும் நிற்கிறாள். “புள்ளய முன்னால விட்டுட்டுப் பின்னாடியே ஓடுறியே, என்ன ரேஸா?” நான் வாயெடுக்குமுன் இர்ஃபானா, “கேரியர்ல எடம் இருக்கு மாமி, ஏறிக்கிறீங்களா?” மச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினாள், ஊரு என்ன பேசுது தெரியுமா என்றாள். “பேசட்டும் மச்சி. ஒங்க தம்பிக்கு நாப்பத்திமூணு வயசு.” அவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள், தம்பி என்று சொல்லியிருக்க வேண்டாமோ, இல்லை, சொல்லத்தான் வேண்டும். போன வாரம் என் தம்பி அஸார் சார்ஜாவிலிருந்து அட்டைப்பெட்டி நிறைய சாக்லேட் கொடுத்தனுப்பினான், அவன் பாசம் அதற்குள்தான் இருக்கிறது, முக்கால்வாசியைத் தெருவுக்குப் பங்கிட்டேன், இர்ஃபானா ஒரு சாக்லேட் தின்றாள், இரண்டாவதை எடுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள், வலித்தது, வலித்தால் என்ன, தண்ணீர்ச் சொம்போடு நின்ற வலியை விடவா… வாய்க்கால் கரை வந்துவிட்டது, நடவு முடிந்த வயலில் காற்று, அவள் எழுந்து நின்று மிதிக்கிறாள், மூச்சு முன்னைப்போல் வாங்கவில்லை, பாவாடை இடுப்பில் தளர்ந்திருக்கிறது, நாளைக்கும் வருவோம், மழை பெய்தாலும் வருவோம். கழுத்து வெளுக்க நாளாகும் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னார், ஆனாலும் தினமும் பின்னால் நடக்கிறவளுக்குக் கண் வேறெங்கே போகும், அவள் முக்காடு காற்றில் விலகுகிறது, பார்க்கிறேன், கழுத்தில் அந்தப் பட்டை, அவருடையதைப் போலவே, இன்றைக்கும் அதே கறுப்பு.