வழியனுப்பும் பேச்சு

என் அண்ணன்தான் நாட்டின் தலைமை நீதிபதி. நாளை ஓய்வு பெறுகிறார். மூப்புப்படி அடுத்து அந்த நாற்காலி என் கணவருக்கு. அண்ணன் பரிந்துரைத்து எழுதிக் கொடுத்ததோ வேறொருவர் பெயரை.

"தங்கச்சி புருஷனுக்கே குடுத்துட்டான்னு ஊர் பேசுமேம்மா" என்றார் போனில். அரசாங்கத்துக்கு எதிராக என் கணவர் தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து அமைச்சர்கள் அண்ணன் வீட்டு வாசலில் தவம் கிடந்தது எனக்குத் தெரியாதா? பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

ஓய்வு பெறுகிறவரைப் புகழ்ந்து பேச வேண்டியது அவருக்கு அடுத்த மூத்த நீதிபதி. அது நீதிமன்ற வழக்கம். ஆகவே இவர் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க அண்ணனைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லேன். சின்ன வயசுல எப்படி?"

"வாயில நல்லா வந்துடும். என்கிட்ட கேக்காதீங்க."

இவர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

"ஸ்கூல்ல யாராவது என்னை அடிக்க வந்தா, குறுக்க வந்து நின்னு அந்த அடியை அவர் வாங்கிப்பார்" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார்.

"நாளைக்கு நீ முன்வரிசையில உட்காராதே" என்றார். "இதை நான் படிக்கும்போது உன் முகத்தைப் பாத்தா, பாவம், அவரால தாங்க முடியாது."