சிறுநீரகத்துக்கு ஒரு ஸ்ஸ்ஸ்

அறிவுக்குப் பொருந்தாத காரியம் எதையும் பிறந்ததிலிருந்து செய்யாத ஒரே ஜீவன், இந்த வம்சத்திலேயே தான்தான் என்பது சின்னவனின் தீர்மானமான முடிவு. பிறந்தபோது அழுததைக்கூட, நுரையீரலுக்குக் காற்று தேவைப்பட்டதால் எடுத்த நடவடிக்கை என்றுதான் சொல்லுவான்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய நெஞ்சு இப்போது பிரமாதமாக அடித்துக்கொண்டிருந்தது. சிறுநீரகங்கள்தான் வேலையை நிறுத்திவிட்டன. கட்டிலோரம் தொங்கிய, சிறுநீர் சேரும் பை காலியாகவே கிடந்தது.

"ஆபரேஷன் நேரத்துல கிட்னிக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சு அடிபட்டிருக்கு. நெறைய பேருக்குத் தானா சரியாகிடும்" என்றார் டாக்டர். "ஆனா உப்பும் நீரும் உடம்புலயே தங்குது. காலைக்குள்ள சிறுநீர் வரலேன்னா டயாலிசிஸ்தான்."

"அதைத் தாங்குவாரா டாக்டர்?" என்றாள் அக்கா.

டாக்டர் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார்.

உள்ளே அப்பா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா அவர் காதருகே குனிந்து, "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்றாள்.

"ஏய், என்ன பண்றே?" என்றான் சின்னவன்.

"அப்பா நமக்குப் பண்ணினதுதான்."

"அக்கா, அவருக்கு டியூப் போட்டிருக்கு. கிட்னி சிறுநீரே தயாரிக்கல. தொட்டியில தண்ணியே இல்லாம குழாயைக் கொஞ்சிட்டிருக்கே."

"போடா, பெரிய அறிவுக்கொழுந்து! இந்தச் சத்தம் இல்லேன்னா நீ வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவன்தானே?"

"இது அவதூறு."

அவதூறு இல்லை. சின்ன வயதில், விடுமுறைக்கு வீடு மொத்தமும் அப்பா ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறிவிடும். பாதி வழியில் சின்னவனுக்காக பஸ் நிற்கும். அவன் ஒரு புதரை வெறித்துக்கொண்டு சும்மா நிற்பான். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருப்பார். இத்தனை பேர் பார்த்தால் எவனுக்கு வரும்?

அப்பா இறங்கி வருவார். காக்கிச் சட்டையைக் கழற்றித் திரைபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ மேகத்தை ஆராய்கிறவர் மாதிரி வானத்தைப் பார்ப்பார். பிறகு, பிரேக்கில் காற்று இறங்குவதுபோல நீளமாக ஒரு "ஸ்ஸ்ஸ்ஸ்."

"மெதுவா இருடா ராசா. டிரைவர் இங்க நிக்கிறேன், பஸ் எங்க போயிடும்?"

டீசலும் வியர்வையும் மணக்கும் அந்தச் சட்டை மறைவில், அதுவரை பிடிவாதம் பிடித்தது தானாக வந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் நின்றிருக்கிறான். அவ்வளவு நிம்மதியாக எங்கேயும் நின்றதில்லை.

காலையிலும் பை அப்படியேதான் இருந்தது. அக்கா டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள்.

"டயாலிசிஸ் மெஷின் வந்துட்டிருக்கு. அதுக்குள்ள பார்த்துட்டு வந்துடுங்க" என்றாள் நர்ஸ்.

அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். உதடு காய்ந்திருந்தது.

"வந்துச்சாடா?"

"வரும்ப்பா. இப்ப என்ன அவசரம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னவன் சுற்றுமுற்றும் பார்த்தான். நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்தாள். கட்டிலைச் சுற்றியிருந்த திரையை ஓசைப்படாமல் இழுத்துவிட்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, மெல்ல ஆரம்பித்தான்.

மூச்சு தீர்ந்ததும், மறுபடி முதலிலிருந்து.