துப்பட்டியின் முனை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகும் வழியில், திருப்பாலைக்குடி வந்ததும் பக்கத்தில் இருந்தவர் கடல் பக்கம் கைகாட்டினார். "இங்கனதான் கரைவலைக் கயித்துல ஏரோப்பிளேன் மாட்டுச்சு" என்றார். இறங்கிப் போய்விட்டார். மற்றதெல்லாம் என் கற்பனை.

வாழ்க்கை வரலாறாக எழுதத் தொடங்கினேன்:

ஹமீது சுல்தான் கீழக்கரையில் மரக்கல வணிகர் வீட்டில் பிறந்து, வெள்ளைக்காரன் காலத்திலேயே கொழும்பில் விமானம் ஓட்டக் கற்று, 1957இல் திருப்பாலைக்குடியில் ஐஸ் ஆலை கட்டி,

(இந்த வாக்கியம் முடிந்தால் அவர் செத்துவிடுவார். காற்புள்ளியிலேயே விட்டுவிட்டேன்.)

2

"முதலாளி, ஐஸுக்குள்ள படுத்தா மீனுக்குச் சளி பிடிக்காதா?"

கேட்டவர் நாகநாதன். கரையில் நின்று நீண்ட கயிற்றால் கரைவலை இழுப்பவர்களுக்குத் தலைவர்.

"பிடிச்சா நீ தைலம் தேச்சு விடு" என்றார் ஹமீது சுல்தான். கரையே சிரித்தது.

காலிதா சிரிக்கவில்லை. ஹமீது சுல்தானின் மனைவி. கீழக்கரைத் தெருவைத் தாண்டாமல் வளர்ந்த, தலையோடு துப்பட்டி போர்த்திய புதுப்பெண். அவர் ஓட்டிவரும் விமானம் இறங்க ஈர மணலை விட்டால் வேறு இடமில்லை என்பது அவளை அச்சுறுத்தியது.

"மணல் இறுகியிருந்தா துப்பட்டி முனைய ஆட்டு. நீ ஆட்டுனா இறங்குவேன்" என்று அவளிடம் சொன்னார்.

"ஊரே பாக்குமே, மச்சான்."

"பாக்கட்டும். எனக்கு உன் கண்ணு போதும்."

(கடைசி வரியை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். அது இல்லாமல் அடுத்த பகுதி நடக்காது.)

3

அன்று அவர் மதுரையிலிருந்து ஆலைக்கு இயந்திரப் பாகம் ஒன்றைக் கொண்டுவந்தார். காலிதா மணலை மிதித்துப் பார்த்தாள். இறுகியிருந்தது. சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். [மணலின் குறுக்கே கயிறு விறைத்து நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனிக்க வைத்திருக்கலாம்.]

விமானம் தெரிந்தது.

"ஏலே, துண்ட வீசுங்கடா!" என்று நாகநாதன் கத்தினார்.

கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி எல்லோரும் மறு கையால் துண்டு வீசினார்கள். தாழ்ந்து வந்த விமானம் மேலேறி வட்டமிட்டது.

இத்தனை பேர் வரவேற்கிறார்களே என்று காலிதா நினைத்தாள். அவளும் துப்பட்டி முனையை உயர்த்தி ஆட்டினாள்.

விமானம் இறங்கியது.

அடிக்குறிப்பு: இந்தக் கதையின் கரையில் துண்டு வீசினால் 'இங்கே வராதே' என்று பொருள். ஹமீது சுல்தானுக்குத் தெரியும். அதனால்தான் மேலேறினார். காலிதாவுக்குத் தெரியாது.

4

விமானம் கயிற்றில் மோதிய சத்தம் ஒரு

சத்தம்.

அவரைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். உயிர் இல்லை. காலிதா ஆட்டிய கையை இறக்கவே இல்லை. பெண்கள் வந்து பிடித்து மடக்க வேண்டியிருந்தது.

5

கணவனுக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்து வெளியே வந்ததும் காலிதா நேரே கரைக்குப் போனாள். நாகநாதன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"ஆலைய நானே நடத்தப்போறேன், அண்ணே. அன்னைக்கு அத்தன பேரும் துண்டு வீசி அவுகளக் கூப்பிட்டீக. அந்தப் பிரியத்துக்காகத்தான்."



முதல் முடிவு: நாகநாதன் "ஆமா தங்கச்சி" என்கிறார். ஆலை ஓடுகிறது. அவள் ஒவ்வொரு ஆண்டும் கரைக்கு வந்து நன்றி சொல்கிறாள். அவர் ஒவ்வொரு ஆண்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்கிறார். அவள்

(எழுத வரவில்லை.)

இரண்டையும் கிழிக்கலாம் என்றிருந்தபோது கரையில் வேலை நடந்தது. கயிறு விறைத்தது. அதை நோக்கி ஒரு வள்ளம் வந்தது. இழுப்பவர்கள் துண்டை உருவி வீசினார்கள். வள்ளம் திரும்பிக் கடலுக்குள் போனது.

காலிதா அதைப் பார்த்தாள்.

"துண்டு வீசித்தானே கூப்பிடுறாக. அது ஏண்ணே திரும்பிப் போகுது?"

நாகநாதன் என் பக்கம் திரும்புகிறார். நான் விலகிக்கொள்கிறேன். இப்போது அவளுக்கு எதிரே நிற்பது நீங்கள்.