பின்னால் ஆயிரத்து முந்நூற்று நாற்பது பவுண்டு

ஆர்லிஸ் பிரெக்கியின் புது டிராக்டர் வந்த மறுநாளே தலை குனிந்து பூமியைக் கும்பிட்டது.

முன்னால் லோடர் என்ற தூக்கும் கை வைத்த சின்ன டிராக்டர் அது. லோடரின் முனையில் ஈட்டி. ஈட்டியில் மாட்டுத் தீனிக்காக உருட்டிக் கட்டிய எழுநூற்றைம்பது பவுண்டு புல்லுருளை. ஆர்லிஸ் நெம்புகோலை இழுத்ததும் உருளை எழும்புவதற்குப் பதிலாகப் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் எழும்பின. அவர் இருக்கையிலிருந்து நகராமல் நெம்புகோலைத் தள்ளினார். டிராக்டர் மறுபடி நாலு காலில் நின்றது. பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். அது அந்தரத்தில் இருந்தால், கொட்டகைச் சரிவில் ஓட்டுநரும் ஒரு பயணி மட்டுமே.

இதை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கொழுந்தனார் டெல்மார் பார்த்துவிட்டார். எங்கள் மாவட்டத்தில் யார் வழுக்கி விழுந்தாலும் அந்த நேரத்தில் வேலியோரம் டெல்மார் நிற்பார். அது ஒரு திறமை.

"புல்லைத் தூக்க வாங்கினியா ஆர்லிஸ், இல்ல உன்னைத் தூக்க வாங்கினியா?"

"பின்னால எடை வைக்கணும். டிராக்டரோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் வந்து மாட்டுக்குத் தீனி போடுமா?"

"போடாது. படிச்சவ போடுவா."

மாடுகள் பதினொன்று. டெல்மாருக்கும் அவர் அண்ணன் ரஸ்ஸலுக்கும் பொதுச்சொத்து. ரஸ்ஸல் முதுகில் அறுவை செய்துகொண்டு, குனியக்கூடாது என்ற மருத்துவர் கட்டளையோடு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவர் மட்டுமே ஏறி ஓட்ட முடிந்த பழைய பெரிய டிராக்டரைக் கொடுத்துவிட்டுத்தான் மனைவி ஆர்லிஸ் இந்தச் சின்னதை வாங்கியிருந்தார்.

"சனிக்கிழமை காலையில டிரெயிலரோட வர்றேன்," என்றார் டெல்மார். "அதுக்குள்ள ஒரு உருளையை நீயே கொண்டுபோய் தீனி வளையத்துல வெச்சுட்டேன்னா மாடு இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா குளிர்காலம் முடியற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான்."

டெல்மார் 'கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன்' என்று எடுத்துப்போன எந்தப் பொருளும் திரும்பி வந்ததாக மினசோட்டா வரலாற்றில் பதிவு இல்லை. ஆர்லிஸுக்கும் இது தெரியும். அந்தப் பதினொன்றில் ஏழு அவர் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவை.

அவருடைய திட்டம் எளிமையானது. டிராக்டரின் பின்கைகளில் மாட்டும் இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் சரளைக்கல்லை நிரப்பினால் வேலை முடிந்தது. முன்னால் எவ்வளவு தூக்கினாலும் பின்னால் ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது இதைச் சபைத்தோழி லவோனிடம் சொன்னார். அதுதான் ஒரே தவறு. எங்கள் சபையில் ஒருவருக்குக் கால் உடைந்தால் மாலைக்குள் ஒன்பது தட்டு உருளைக்கிழங்கு-இறைச்சி வேக்காடு வீட்டு வாசலில் இருக்கும். பசிக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்லிஸுக்கு எடை வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பிறகு என்ன?

திங்கள்கிழமை லவோனே முதலில் வந்தார். பழைய ஜன்னல்களைத் திறந்து மூட உள்ளே தொங்கும் இரும்புக் குண்டுகள், ஒரு வாளி.

"ஐயோ, வேண்டாம் லவோன். சரளை போட்டுக்கறேன்."

"சும்மாதான் கிடக்கு."

"பரவாயில்லைங்க, வேண்டாம்."

"இல்ல, வெச்சுக்கோங்க."

வாங்கிக்கொண்டார். எங்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு. கொடுப்பதோ கேட்பதோ எதுவாக இருந்தாலும் இரண்டு தடவை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். முதல் தடவையே வாங்கினால் பேராசைக்காரர். மூன்றாம் தடவையும் மறுத்தால் பகைவர். பகை என்றால் சண்டை கிடையாது. முப்பது வருடம் அன்பாகப் புன்னகைப்பார்கள்.

கர்ட்டிஸ் தண்டவாளத் துண்டுகள் கொண்டுவந்தார். டிராக்டர் டயருக்குள் பீட்ரூட் சாறு ரொப்பியாகிவிட்டதா என்றும் விசாரித்தார். குளிரில் உறையாத பாரம் அது. "கடையிலயே ரொப்பிட்டாங்க" என்று கேட்டதும் ஏமாந்துபோனார், வீட்டில் ஒரு பீப்பாய் வைத்திருந்தார் போலும். பாஸ்டர் இங்க்ரிட் தேவாலயத்தின் பழைய நீராவிச் சூடேற்றியைக் கொடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து என் உடற்பயிற்சிக் குண்டுகள் போயின, தொண்ணூறு பவுண்டு. நான் கல்லூரியில் இருந்த வாரத்தில், என் அனுமதியில்லாமல், "அவன் எங்க தூக்கறான்" என்ற அம்மாவின் குறிப்போடு. மற்றவர்கள் ஏர்க்கொழு, துருப்பிடித்த சங்கிலி, ஒரு உடைந்த பட்டறைக்கல் என்று சேர்த்தார்கள்.

வியாழக்கிழமை டெல்மாரும் வந்தார். முந்நூற்று இருபது பவுண்டு எஞ்சின் கட்டை ஒன்றை, அதாவது ஒரு பழைய எஞ்சினின் இரும்பு உடலை, இறக்கினார். ஆர்லிஸ் தோற்கவேண்டும் என்று மனதார விரும்பிய ஒரே மனிதர் அவர். ஆனால் ஊரே கொடுக்கும்போது வெறுங்கையோடு எப்படி இருப்பது? வளர்த்த விதம் அப்படி. ஆர்லிஸ் இரண்டு தடவை வேண்டாம் என்றார். டெல்மார் மூன்றாம் தடவையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்; வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் பதினாலு பேர். டெல்மாரின் மாட்டு டிரெயிலர் வாசலை அடைத்து நின்றது. ஒவ்வொருவரும் பெட்டியை எட்டிப் பார்த்துத் தங்கள் இரும்பு மேலே தெரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டார்கள். ஆர்லிஸ் ஏறி உட்கார்ந்து பின்கையைத் தூக்கினார். எஞ்சின் முனகியது. பெட்டி தரையை விட்டு ஒரு முடி அளவுகூட எழும்பவில்லை.

"அசையலையே," என்றார் டெல்மார்.

"அசையாது. ஆயிரத்து முந்நூத்தி நாப்பது பவுண்டு. பின்கை ஆயிரத்து நூறுதான் தூக்கும்." ஆர்லிஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கன்று நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதியிருந்தார். "இருநூத்தி நாப்பதாவது இறக்கணும்."

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். யாருடைய இரும்பு வெளியே வரும்? அந்த இரும்புக்காரர் வீட்டுக்கு ஆர்லிஸ் இனி எந்த முகத்தோடு போவார்? டெல்மார் மட்டும் டிரெயிலர் கதவின் கொக்கியைத் தடவிப் பார்த்தார்.

ஆர்லிஸ் கீழே இறங்கினார். அவசரமே இல்லை.

"லவோன், உங்க குண்டையெல்லாம் திருப்பி எடுத்துக்கறீங்களா?"

"சேச்சே, இருக்கட்டும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எனக்கெதுக்கு?"

"ரொம்ப நன்றி." அடுத்தவரிடம் போனார். "கர்ட்டிஸ், தண்டவாளம்?"

"இருக்கட்டும் ஆர்லிஸ்."

"தேவைப்படாதா?"

"ரயிலா விடப்போறேன்? இருக்கட்டும்."

பாஸ்டரிடம் இரண்டு தடவை. என் அம்மாவிடம் இரண்டு தடவை. அம்மா இரண்டாம் தடவை மறுத்தபோது என் பக்கம் திரும்பவேயில்லை. இப்படியே பன்னிரண்டு பேர். எல்லோரும் இரண்டு முறை பெருந்தன்மையாக இருந்தார்கள். மூன்றாம் முறைக்கு யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கடைசியில் டெல்மார்.

"டெல்மார், உன் எஞ்சின் கட்டையை எடுத்துக்கறியா?"

"வேண்டாம், வேண்டாம். வெச்சுக்கோ."

"நல்ல கட்டை. உனக்கு உதவுமே."

"உனக்குத்தானே கொடுத்தேன். இருக்கட்டும்."

லவோன் கையிலிருந்த காப்பிக் குவளையை மெல்ல வேலிக்கம்பத்தின் மேல் வைத்தார்.

"இல்ல டெல்மார், எடுத்துக்கோ," என்றார் ஆர்லிஸ், மூன்றாம் தடவையாக.

டெல்மார் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"சரி," என்றார் டெல்மார். "நீ இவ்வளவு சொல்றதால."

பெட்டியைக் கழற்றிவிட்டு, ஈட்டியில் சங்கிலி போட்டு, கட்டையை லோடராலேயே தூக்கி அவருடைய பிக்கப்பின் முதுகில் இறக்கினார் ஆர்லிஸ். பத்து நிமிடம். பிக்கப் லேசாகக் குந்தியது. பிறகு டிராக்டரைப் பின்னோக்கிக் கொண்டுவந்து, பெட்டியை மறுபடி மாட்டி, நெம்புகோலை இழுத்தார். ஆயிரத்து இருபது பவுண்டு தரையை விட்டு ஓரடி எழும்பி நின்றது.

புல்லுருளையில் ஈட்டி இறங்கியது. உருளை எழுந்தது. பின்சக்கரங்கள் வேர்விட்ட மாதிரி மண்ணில் இருந்தன. உருளையை முழங்கால் உயரத்துக்கு மேல் விடாமல், நடக்கும் வேகத்தில், சரிவில் இறங்கினார். பாதிச் சரிவில் நிறுத்தி பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். நின்றது. அது எங்களுக்காக இல்லை, அவருக்காக. பிறகு தொடர்ந்து போய், உருளையைத் தீனி வளையத்துக்கு மேலே தூக்கி, உள்ளே இறக்கி, ஈட்டியை உருவினார். பதினொரு மாடும் வளையத்தைச் சுற்றி முகத்தைப் புதைத்துக்கொண்டன.

வீட்டு ஜன்னலில் ரஸ்ஸல் கட்டைவிரலை உயர்த்தினார். குனியத்தான் தடை.

டெல்மார் இறங்கிப் போய் பின்டயரை உதைத்துப் பார்த்தார். "மார்ச் மாசம் சேறாகும். அப்போ பார்ப்போம்."

"பார்க்கலாம்," என்றார் ஆர்லிஸ். "இப்போ அந்த டிரெயிலரைக் கொஞ்சம் நகத்து. ரெண்டாவது உருளை அதுக்குப் பின்னாலதான் இருக்கு."

டெல்மார் நகர்த்தினார். உள்ளே ஒன்றும் இல்லாததால் அது எளிதாகத்தான் நகர்ந்தது.